மாலை சூடிய கடைசல் பொறியும் முறிந்த மதகுத் தண்டும்

மழை பிழையாது பொழிக, ஏரி நிறைக, கரை நிற்க. குன்றும் கழனியும் ஒரு குடைக்கீழ் ஆளும் மாநெடு நாட்டின் அரசி, ஏரிகள் அனைத்திற்கும் காவல் பூண்ட வேண்மாள் நங்கை, வெண்கரையூர்த் தொழிற்கல்விச் சாலையின் தலைவரும், 'நூற்கடல்' என்னும் பட்டத்தை எம் தந்தையாரிடமும் 'கருவிக்காவலர்' என்னும் பட்டத்தைத் தம்மிடமிருந்தே தாமாகவும் பெற்றவராகிய மாறம்பூதனார்க்கு விடுக்கும் ஓலை. நும் ஊர் நலம் பெறுக. நும் மாணாக்கர் நலம் பெறுக. நும் நலத்தைப் பற்றி யாம் இன்னும் முடிவு செய்யவில்லை.

சென்ற கார்காலத்துக்கு முன்னர் நும் சாலைக்குச் சில பாடப் பொருள்களை அனுப்பினோம். பதினான்கு பதினைந்து அகவை எட்டிய மாணாக்கர் கணக்கையும் பொருள்களின் இயல்பையும் ஏட்டில் மட்டும் படியாது, கையால் செய்து அறியவேண்டும் என்பதே எம் எண்ணம். ஆதலால் கப்பிகளும், தூக்குக்கோலும், வார்ப்பு அச்சுகளும், இந்நாட்டிலேயே மிக நீளமான கடைசல் பொறியும் வண்டியேறி வந்தன. பழகும் கைகள் கெடுப்பதற்கென்றே ஒரு வண்டி வேப்பங்கட்டையும் உடன் வந்தது. திருகின் சரிவை முதலில் கணக்கிட்டு, பின்பு மரத்தில் கடைந்து, தவறி, மீண்டும் கடைந்து, அதன் பின்னரே இரும்பைத் தொடுக என்று பாடமுறையும் எழுதுவித்தோம். இதைவிட எளிதாகச் சொல்ல எமக்குத் தெரியவில்லை.

இப்போது பேரேரியின் பெருமதகில் பலகையை ஏற்றி இறக்கும் திருகுத்தண்டு முறிந்து, மதகுப் பலகை மூடியபடியே சிக்கி நிற்கிறது. பெருமழைக்குள் புதுத்தண்டு பூட்டாவிடில் நீர் வெளியேற வழியின்றிக் கரையை உடைக்கும். கரையடியில் இருக்கும் தாழைக்குடி மக்களுக்கு எழுந்து ஓடவும் பொழுதிராது. அத்தனை நீளத் தண்டைக் கடையவல்ல பொறி நும் சாலையில் உள்ளது ஒன்றே. ஆதலால் எம் நீர்நிலை அதிகாரி நெடுவேள் ஆதனை அங்கே அனுப்பினோம்.

அவர் திரும்பி வந்து உரைத்ததை யாம் முதலில் நம்பவில்லை. கடைசல் பொறி பட்டுடுத்தி, மாலை சூடி, அதன் நெற்றி என்று நீர் கருதிய இடத்தில் குங்குமமும் இட்டுக்கொண்டு மண்டபத்தில் வீற்றிருந்ததாம். ஆண்டுக்கொரு நாள் கருவிகளைத் துடைத்துப் பொட்டிட்டு அவற்றுக்கு ஓய்வளிப்பது நம் நாட்டு வழக்கம். மறுநாள் அவற்றை எடுத்து வேலை செய்வதும் அவ்வழக்கத்தின் மறுபாதி என்பதை நீர் வசதியாக மறந்தீர். அரசியின் கைப்பட்ட பொருளில் மாணாக்கர் கைபடுதல் குற்றம் என்று விளக்கமும் அளித்தீராம். எம் கை அதில் படவேயில்லை, நூற்கடலே! செய்தவன் கை பட்டது, ஏற்றியவர் கை பட்டது, வண்டிமாட்டின் வாலும் பட்டிருக்கும்.

வேப்பங்கட்டை எங்கே என்று வினவியதற்கு, அதனைப் பூசைப் பொங்கலுக்கு எரித்ததாகவும் பொங்கல் மிக நன்றாக அமைந்ததாகவும் தெரிவித்தீராம். கேட்டு மகிழ்ந்தோம்.

மாணாக்கரோ பொறியை வலம்வந்து, அதன் உறுப்புகளின் பெயரையும் அளவையும் பண்ணோடு பாடினராம். அவர்களுள் கோதைநல்லாள் என்னும் மாணவியிடம் மரத்துண்டு ஒன்றைக் கொடுத்துத் திருகு கடையச் சொன்னபோது, அப்பெண் அதைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு திருப்பிக் கொடுத்தாள். பின்பு தயங்கி, இந்தப் பொறி சுழன்றால் எப்படிச் சத்தமிடும் என்று எம் அதிகாரியிடம் கேட்டாள். அதுவரை சிரித்துக்கொண்டிருந்த யாம் அவ்விடத்தில் நிறுத்தினோம். ஓராண்டாக அதன்முன் நின்று பாடிய பிள்ளைக்கு அதன் ஒலி தெரியாது. அவள் பெற்றோரின் வீடு தாழைக்குடியில், கரைக்கு மிக அருகே உள்ளது. அவ்வீட்டைக் காக்கும் தண்டை அவளே கடைந்திருக்கலாம். நீர் அவளுக்குப் பாட்டுச் சொல்லிக் கொடுத்தீர். இத்தனைக்கும், பொறியில் ஒரு கீறலும் விழாமல் காத்ததற்கு எம்மிடம் பரிசில் வேறு வேண்டியிருக்கிறீர். வெட்கம் என்பது நும் நூற்கடலில் எந்த ஆழத்தில் கிடக்கிறதோ, அறியோம்.

ஆகவே கட்டளை. ஓலை கண்ட அன்றே பட்டும் மாலையும் களைந்து, பொறிக்கு எண்ணெய் இடுக. நெய் அன்று, எண்ணெய். நீர் எழுப்பிய மண்டபத்தின் தூண்கள் நன்கு முற்றிய மரம் என அறிகிறோம். அவற்றை அறுத்துப் பழகு கட்டைகள் ஆக்குக. எம் பட்டறைக் கம்மியர் இவ்வோலையோடு வருகின்றனர். கோதைநல்லாள் முதலாக மாணாக்கர் அனைவரும் அவரோடு நின்று, கணக்கிட்டு, கெடுத்து, திருத்தி, தண்டை முடிப்பாராக. பாழாகும் கட்டைக்காக எவரையும் கடிந்துரைக்கலாகாது. நீர் அவர்களுக்குக் கட்டை சுமக்கலாம். அதற்கு மேலான பணிக்கு நும்மை நம்பேம்.

தண்டு பூட்டி மதகு திறக்கும்வரை கோதைநல்லாளின் பெற்றோர் எம் அரண்மனையில் விருந்தினராகத் தங்குவர். அவர்தம் வீட்டில் இரவுதோறும் நீர் உறங்குவீர்.

ஆமை இலச்சினை பொறித்து, எம் கண்முன் கட்டி அனுப்பப்பட்டது. ஆணை வழுவற்க. இதை முடிக்கும் பொழுதில் வடமலைமேல் மேகம் கட்டியிருக்கிறது.