உன் ரிவால்வருக்கு என் கைப்பிடி

சோப்புப் போட்டு இரண்டு தடவை கழுவியும் கையிலிருந்து துப்பாக்கி எண்ணெய் வாசனை போகவில்லை. இன்று தேக்கா சந்தையில் முருங்கைக்காய் பொறுக்கும்போது கடைக்காரர் ஒரு மாதிரி பார்த்தார். துப்பாக்கி சுடும் கிளப்பிலிருந்து நாம் நேராக அங்கேதானே வருவோம்? "என்னக்கா, கையில பட்டாசு வாசனை?" என்று பூக்காரர் கேட்பார். "எங்களுக்கு வாராவாரம் தீபாவளி" என்பாய் நீ.

நீ இறந்த சில வாரங்களில் உன் கணவர் கூப்பிட்டார். உன் ரிவால்வர் கிளப்பின் ஆயுத அறையில் இருந்தது. "லைசென்ஸ் உள்ள யாராவது வாங்கணும். இல்லன்னா போலீஸ்ல ஒப்படைச்சு அழிச்சிடுவாங்க. நீங்க எடுத்துக்கிறீங்களா?"

போய்ப் பார்த்தேன். நீ நோயோடு கிடந்த காலமெல்லாம் அதை யாரும் தொடவில்லை. தோட்டா போடும் உருளை ஆடியது. விசை பாதியில் சிக்கியது. பாகம் சிங்கப்பூரில் கிடைக்காது, வெளிநாட்டிலிருந்து வரவேண்டும், வந்தாலும் பழையபடி ஆகும் என்று சொல்ல முடியாது என்றார் பழுது பார்க்கும் சீனப் பெரியவர்.

"ஆண்ட்டி ஞாபகத்துக்கு போட்டோ போதாதாம்மா? அறுபத்தோரு வயசுல ரிப்பேர் ரிவால்வரா? பிளீஸ் லா" என்றாள் மகள். கிளப் செயலாளர் இன்னும் கனிவாக, "உங்க வயசுக்கு லேசான ஏர் பிஸ்டல் போதுமே" என்றார். பாசிர் ரிஸ் தேவாலயத்தில் பூசை முடிந்து வெளியே வரும்போது ஒருத்தி, ஜெபமாலை பிடிக்கிற கைக்கு இது தேவையா என்று கேட்டாள். என் கையைப் பற்றி ஆளாளுக்கு ஒரு கருத்து வைத்திருந்தார்கள்.

அவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிவிடுவேன். என்னைத் தயங்க வைத்தது நீதான்.

உன் கடைசிப் போட்டிக்குத் தலையில் துணி கட்டிக்கொண்டு வந்தாய். கை தளர்ந்திருந்தது. என் கடைசி ஐந்து தோட்டாக்களை வேண்டுமென்றே ஓரத்தில் விட்டேன். இரண்டு புள்ளியில் நீ ஜெயித்தாய். கார் நிறுத்துமிடத்தில் என்னை மறித்தாய்.

"கடைசி அஞ்ச எங்கடி விட்ட?"

"கை நடுங்கிடுச்சு."

"பொய் சொல்லாத. இருபது வருஷமா உன் கையப் பாக்குறேன். பாவம் பாத்து எனக்கு எதுவும் குடுக்காத."

மூன்று வாரம் என் போனை நீ எடுக்கவில்லை. பிறகு உன்னைப் பார்க்க நான் மருத்துவமனைக்கு வந்தபோது அந்த உப்பில்லாத கஞ்சியைத் திட்டினாய். அந்தப் போட்டியைப் பற்றிப் பேசவில்லை. நானும் மன்னிப்புக் கேட்கவில்லை.

இப்போது வாங்கினால் அதுவும் பாவம் பார்த்துக் கொடுப்பதுதானே? பூட்டி வைத்து அழுவதற்கு என்றால் அழிந்தே போகட்டும் என்று இரண்டு நாள் நினைத்தேன்.

மூன்றாம் நாள் மறுபடி போய்க் கையில் எடுத்தேன். உன் சின்னக் கைக்குச் செய்த பிடி என் விரலை நெருக்கியது. விசை சிக்கியதும் சுர்ரென்று கோபம் வந்தது. இதை வைத்துத்தானே வருஷக்கணக்கில் என்னைத் தோற்கடித்தாய்? இதை வைத்து நீ அடித்ததை நானும் அடிக்க வேண்டும். உள்ளே இருந்தது பாவமும் இல்லை, பாசமும் இல்லை. சுத்தமான பொறாமை. நிம்மதியாக இருந்தது.

"அனுமதி, ரிப்பேர் எல்லாம் சேர்த்து நாலஞ்சு மாசம் ஆகும்" என்றார் செயலாளர்.

"ஆகட்டும். படிவத்தக் குடுங்க."

இன்று காலை முதல்முறை சுட்டேன். உன் பிடியைக் கழற்றிவிட்டு என் கைக்கேற்ற பிடி போட்டாயிற்று, கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள். முதல் பத்துத் தோட்டாவில் இரண்டு, குறி அட்டையிலேயே படவில்லை. "நான் அப்பவே சொன்னேன்ல?" என்று பின்னாலிருந்து செயலாளரின் குரல். புது அட்டை கேட்டேன். கடைசி அட்டையில் பத்தில் ஏழு தோட்டா கறுப்பு வட்டத்துக்குள். இதில் நீ ஒன்பது வரை போயிருக்கிறாய்.

மணிக்கட்டு வீங்கியிருக்கிறது. அடுத்த சனிக்கிழமையும் போவேன். எல்லாரும் உன் நினைவை நான் சுமப்பதாகச் சொல்கிறார்கள். நான் சுமப்பது நீ என்னை ஜெயித்த எரிச்சலை. அதை இறக்கி வைக்கிற உத்தேசம் எனக்கு இல்லை.