அண்ணிக்கு ஒரு திரை

மார்ச் 4, செவ்வாய்

எங்கள் டைப்பிங் கடையில் இன்றும் அதே சண்டை. இருப்பது ஒரே கம்ப்யூட்டர். காலையில் அண்ணன் நோட்டீஸ் வடிவமைப்பான், மதியம் நான் ஆய்வேடு டைப் அடிப்பேன். அண்ணி வீட்டில் உட்கார்ந்து அச்சுத் தாளில் சிவப்பு மையால் பிழை குறித்து அனுப்புவார். அதைத் திருத்துகிறோம் என்ற பெயரில் நாங்கள் புதுப் பிழை சேர்ப்போம்.

இன்று அண்ணி கேட்டே விட்டார்: "நானும் கடைக்கு வந்துடறேனே, நேரா நானே திருத்திடுவேன்."

"இருக்கிறது ஒரு மெஷின். எங்க உக்காருவ, என் தலை மேலயா?" என்றான் அண்ணன்.

அண்ணி சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. அண்ணனுக்கு அது சிரிப்பாகவே தெரிந்திருக்கும், மரமண்டை.

மார்ச் 6, வியாழன்

ஒரே கம்ப்யூட்டர் பெட்டியில் மூன்று பேர் ஒரே நேரத்தில் வேலை பார்க்கலாமாம்! ஆளுக்கொரு திரை, கீபோர்டு, மவுஸ். ஒவ்வொரு திரைக்கும் படம் அனுப்பும் கார்டு ஒன்று பெட்டிக்குள் இருக்க வேண்டும். எது யாருக்கு என்று சொல்லிக் கொடுத்தால் போதும். மேஜைக்கு அடியில் பழைய திரைகள் சும்மாதானே கிடக்கின்றன?

அண்ணனிடம் சொன்னேன். "ஒரு அடுப்புல மூணு பேர் சமைக்கிறதா? வெளங்கினாப்லதான்."

பார்த்துவிடலாம்.

மார்ச் 9, ஞாயிறு

கடை விடுமுறை. நானும் அண்ணியும் மட்டும். வாங்கி வந்த கார்டுகளைப் பெட்டிக்குள் செருகினோம்.

மூன்று திரையும் எரிந்தன. ஆனால் அண்ணி தட்டினால் எழுத்து என் திரையில் வருகிறது. நான் மவுஸை நகர்த்தினால் அம்பு அண்ணன் திரையில் ஓடுகிறது. "யாருடி என் அம்பைத் தூக்கிட்டுப் போனது?" என்று அண்ணி கத்த, வயிறு வலிக்கச் சிரித்தோம். ஒவ்வொன்றாகப் பிடுங்கி, செருகி, பெயர் எழுதி ஒட்டி — சாயங்காலம் எல்லாம் அதனதன் வீடு சேர்ந்தன.

உள்ளே நுழையும் பெயராக அவருக்கு 'அண்ணி' என்றே போட்டேன். தட்டினார். அவர் திரையில் மட்டும் வந்தது. குதித்தேன். முட்டி மேஜையில் இடித்தது, போகட்டும்.

மார்ச் 10, திங்கள்

நாசம்.

காலையில் மூவரும் உட்கார்ந்தோம். அண்ணனே வாயைப் பிளந்தான். மதியம் சாப்பிடக் கிளம்பியவன், நல்ல பிள்ளையாகத் தன் திரையில் 'அணை' என்பதை அழுத்தினான். பல வருஷப் பழக்கம். பெட்டி ஒன்றுதானே! மூன்று திரையும் பொசுக்கென்று போச்சு. தாளிலேயே குறித்துப் பழகிய அண்ணி எதையும் சேமிக்கவில்லை. காலை முழுக்கத் திருத்தியது அத்தனையும் போச்சு.

"நான்தான் அப்பவே சொன்னேனே" என்கிறான். அணைச்சது நீ!

அண்ணி கைப்பையை எடுத்தார். "நான் வீட்டுலயே பாத்துக்கறேன்."

எனக்கு அழுகையே வந்துடுச்சு. விடுவேனா? மாட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

அணைக்கும் உரிமையைப் பிடுங்கிவிட்டேன். ஒருவர் வேலையில் இருந்தால் இன்னொருவர் அணைக்க முடியாது. ஏன் என்று திரையே சொல்லும். அண்ணியைக் கையைப் பிடித்து இழுத்து வந்தேன்.

"மறுபடி போச்சுன்னா?"

"போகாது அண்ணி. போனா, நானும் உங்களோட வீட்டுல உக்காந்துடறேன்."

மார்ச் 14, வெள்ளி

போகவில்லை!

மார்ச் 20, வியாழன்

பெரிய ஆய்வேட்டை ஒப்படைத்தோம். பேராசிரியர் புரட்டிப் புரட்டித் தேடினார், ஒரு பிழை அகப்படவில்லை. "யார் திருத்தினது?" என்றார். "எங்க வீட்டம்மா" என்றான் அண்ணன், ஏதோ தானே திருத்தின மாதிரி நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

சாயங்காலம் பழக்கதோஷத்தில் 'அணை'யை அழுத்தினான். அணைக்க முடியாது, அண்ணி வேலையில் இருக்கிறார் என்றது திரை. சத்தமாக வாசித்தான். என்னை முறைத்தான். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"இன்னும் எவ்வளவு நேரம்மா?"

"நாலு பக்கம்" என்றார் அண்ணி, திரும்பாமலே.

கடைச் சாவியை மேஜையில் வைத்துவிட்டு, ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.