நான் பச்சை போட்ட வீடியோ

ஜூன் 9, 2025, திங்கள்

கோலார் தங்கவயலில் எங்கள் கோரமண்டல் ஸ்டேஷனில் ஏறும்போதே ரயிலில் இடமில்லை. பெங்களூர் வரைக்கும் நின்றுகொண்டே போனேன். கால் வீங்கியிருக்கிறது.

ஆபீஸில் இன்று நானூற்று நாற்பத்தாறு வீடியோ. எல்லாம் சவால் வீடியோக்கள்தான். பள்ளி லீவு முடிந்தும் இந்தச் சவால் பைத்தியம் ஓயவில்லை. கண்ணைக் கட்டிக்கொண்டு பழத்தின் பெயர் சொல்வது, ஒற்றைக்காலில் நிற்பது, ஐஸ் வாளியில் கை விடுவது. எங்கள் வீடியோ ஆப்பின் குழந்தைகள் பகுதியில் போடலாம் என்றால் நான் பச்சை போட வேண்டும், கூடாது என்றால் சிவப்பு. ஒன்றுக்கு ஐம்பது வினாடிதான் நேரம். கேள்வி நான்கு. ரத்தம் வருகிறதா? நெருப்போ கத்தியோ உண்டா? உயரமோ வண்டியோ உண்டா? பக்கத்தில் பெரியவர் இருக்கிறாரா? நான்கும் சரியாக இருந்தால் பச்சை.

நான்கு வருடமாக இதே வேலை. தமிழ் வீடியோ பார்ப்பவர்களில் என் தரப் புள்ளிதான் முதலிடம். குழுத் தலைவர் மனோகர் சார் இன்று எல்லார் முன்னாலும் சொன்னார். "லவினா மாதிரி வேகமும் வேணும், தப்பில்லாமலும் வேணும்."

வீட்டுக்காரர் டென்சிலிடம் சொன்னேன். "பார்ட்டி குடு" என்றார். ராபர்ட்சன்பேட்டையிலிருந்து பிரியாணி வாங்கிவந்ததும் அவரேதான்.

ஜூன் 13, வெள்ளி

வீட்டுக்கு வந்தபோது எதிர்வீடு பூட்டியிருந்தது. லூயிசா இந்த நேரத்தில் எங்கேயும் போகமாட்டாள். டென்சில் கடையைப் பாதியில் அடைத்துவிட்டு வந்து நின்றார்.

"எலைனுக்கு மூச்சு அடைச்சிடுச்சாம். ஆஸ்பத்திரிக்கு எடுத்துக்கினு போயிருக்காங்க. உதடெல்லாம் நீலமா ஆயிடுச்சின்னு சொல்றாங்க."

லூயிசாவின் மகள், எட்டு வயசுப் பிள்ளை. காலையில்கூட ஜன்னலிலிருந்து கை ஆட்டினாள்.

ஜூன் 14, சனி

இதை எழுதத்தான் வேண்டுமா? எழுதுகிறேன்.

ஆஸ்பத்திரியில் எலைன் தூங்கிக்கொண்டிருந்தாள். முகத்தில் ஆக்ஸிஜன். மூச்சை அடைத்தது சத்து மாவாம். ஒரு பெரிய கரண்டி மாவை வாயில் போட்டு, தண்ணீர் இல்லாமல் வீட்டில் இருப்பவர்கள் பெயரை எல்லாம் சொல்ல வேண்டுமாம், அதுதான் சவால். சிரித்திருக்கிறாள், மாவு உள்ளே போய்விட்டது. லூயிசா மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். ஏதோ விழுந்த சத்தம் கேட்டு இறங்கி வந்திருக்கிறாள்.

"இன்னும் ரெண்டு நிமிஷம் ஆயிருந்தா..." என்றாராம் டாக்டரம்மா.

லூயிசா போனை என் கையில் கொடுத்தாள். "இத்த பாத்துட்டுதான் செஞ்சிருக்கா. குழந்தைங்களுக்குன்னே போட்டுக்கீறாங்க லவினா. எவன்தான் இதுக்கெல்லாம் சரின்னு சொல்றான்?"

மஞ்சள் சுவர். ஒரு அம்மா, அப்பா, இரண்டு பெண் பிள்ளைகள். எல்லாரும் சிரிக்கிறார்கள்.

அந்த மஞ்சள் சுவர் எனக்குத் தெரியும். போனைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். எவன்னு கேக்கறா. நான்தான்டி. நான்தான்.

ஜூன் 15, ஞாயிறு

சர்ச்சுக்குப் போகவில்லை.

ஜூன் 16, திங்கள்

ஆபீஸில் அந்த வீடியோவின் பதிவைத் தேடினேன். மே 20, காலை 11.42. என் எண். பச்சை. எடுத்துக்கொண்ட நேரம் முப்பத்தெட்டு வினாடி. மிச்சப்படுத்திய பன்னிரண்டு வினாடிதான் என்னை முதலிடத்தில் வைத்திருக்கிறது.

மனோகர் சாரிடம் போய், "நான் தப்பு பண்ணிட்டேன் சார், இதை எடுத்துடுங்க" என்றேன். அவர் நான்கு கேள்வியையும் வைத்துப் பார்த்தார். ரத்தம் இல்லை. நெருப்பு இல்லை. உயரம் இல்லை. பெரியவர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள்.

"தப்பே இல்லையேம்மா. ரூல்படி நீங்க பண்ணது நூத்துக்கு நூறு சரி."

"சார், ஒரு குழந்தை ஆஸ்பத்திரியில கீது."

"கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா ஒரு கேஸை வெச்சு ரூலை மாத்த முடியாது. நிறைய கேஸ்ல ஒரே மாதிரி நடக்குதுன்னு காட்டணும். மேல அதைத்தான் கேப்பாங்க."

செய்தது சரி என்று சொன்னதற்காக யாராவது அழுவார்களா? பாத்ரூமில் அழுதேன்.

ஜூன் 18, புதன்

எலைன் வீட்டுக்கு வந்துவிட்டாள். இருமல் இருக்கிறது, பயமில்லை என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்.

லூயிசாவிடம் சொல்லிவிட்டேன். டென்சில் வேண்டாம் என்றார். "இன்னாத்துக்கு? இந்தத் தெருவுல உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும்?" அதனால்தான் சொன்னேன்.

லூயிசா கஞ்சி ஆற்றிக்கொண்டிருந்தாள். கை நின்றது.

"நீயா?"

"ஆமா."

"எம் பொண்ண தூக்கி வளத்தவ நீ."

அவ்வளவுதான். கதவைச் சாத்தவில்லை, திட்டவில்லை. திரும்பி உட்கார்ந்து கஞ்சியை ஆற்ற ஆரம்பித்துவிட்டாள். திட்டியிருந்தால் தேவலை.

ஜூன் 20, வெள்ளி

மாவுச் சவால் வீடியோ எங்கள் குழு பார்க்கும் குழந்தைகள் பகுதியில் மட்டும் இருநூற்றுப் பன்னிரண்டு இருக்கிறது. தமிழ், கன்னடம், தெலுங்கு. எல்லாம் பச்சை. சாப்பாட்டு நேரத்தில் ஒவ்வொன்றாகப் பார்க்கிறேன். என்ன தேடுகிறேன் என்று எனக்கே தெரியவில்லை.

எல்லா வீடியோவிலும் சிரிப்பு. சிரிப்பு, சிரிப்பு, மேலே டிங்டிங் என்று இசை.

ஜூன் 25, புதன்

இன்று ஹெட்போன் வேலை செய்யவில்லை. சத்தமில்லாமலே ஒரு வீடியோவை ஓட்டினேன்.

கடவுளே.

சிரிப்பை எடுத்துவிட்டால் அங்கே தெரிவது வேறு. பையன் மேசையை இரண்டு கையாலும் பிடிக்கிறான். கண் அம்மாவைத் தேடுகிறது. அம்மா கேமராவைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவனுடைய தோள் ஏறி இறங்குகிறது. அப்போது காட்சி வெட்டுப்படுகிறது. அடுத்த காட்சியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டுகிறான். ஆனால் சட்டையின் முன்பக்கம் முழுக்க ஈரம். கண் சிவந்திருக்கிறது. முதல் காட்சியில் ஜன்னலில் வெயில் இருந்தது, இப்போது இல்லை.

நடுவில் என்ன நடந்தது? எவ்வளவு நேரம்?

மஞ்சள் சுவர் வீடியோவையும் சத்தமில்லாமல் பார்த்தேன். சின்னப் பெண் தொண்டையைப் பிடிக்கிறாள். இருபத்தொன்பதாவது வினாடி. அன்றைக்கு நானும் அதைப் பார்த்திருக்கிறேன். சிரிப்புச் சத்தத்தில் அது எனக்கு நடிப்பாகத் தெரிந்திருக்கிறது.

ஜூன் 30, திங்கள்

முடித்துவிட்டேன். இருநூற்றுப் பன்னிரண்டில் எழுபத்து நான்கு. எழுபத்து நான்கிலும் குழந்தை திணறும் இடத்தில் வெட்டு. வெட்டுக்குப் பிறகு நனைந்த சட்டை, இல்லையென்றால் மாற்றிய சட்டை, முதுகைத் தட்டிக்கொண்டிருக்கும் ஒரு கை.

வேகம் குறைந்ததில் என் தரப் புள்ளி ஐந்தாம் இடத்துக்குப் போய்விட்டது. பக்கத்து சீட் பரத் எட்டிப் பார்த்தான். "இன்னாக்கா, உடம்பு சரியில்லையா?" என்றான். அவனுக்கு ஒன்றைப் போட்டுக் காட்டினேன். பாதி சாப்பாட்டை மூடி வைத்துவிட்டான். "இது நான் பாஸ் பண்ணது அக்கா" என்றான்.

ஜூலை 3, வியாழன்

எழுபத்து நான்கையும் காட்டிப் பேச எனக்குச் செவ்வாய்க்கிழமை பதினைந்து நிமிடம் கொடுத்திருக்கிறார்கள். விதிகளை எழுதும் ஷைலா மேடம் வருகிறார். மனோகர் சார் நல்ல எண்ணத்தில்தான் எச்சரித்தார். "நாலு வருஷமா சரின்னு சொன்னதை எல்லாம் தப்புன்னு சொல்லப் போறீங்க. அதுல அவங்க எழுதின ரூலும் இருக்கு. யோசிச்சுக்கோங்க."

யோசித்தேன். தப்பு என்னுடையது. அதை மற்றவர்கள் ஒத்துக்கொள்ள வேண்டும் என்று நானே கெஞ்சிக்கொண்டு நிற்கிறேன். வேடிக்கைதான்.

எலைனைப் பற்றி அங்கே சொல்லலாமா? லூயிசாவைக் கேட்காமல் எப்படி? கேட்க எப்படி அந்த வாசலில் போய் நிற்பது?

ஜூலை 6, ஞாயிறு

நான் போகவில்லை. அவளே வந்தாள். டென்சில் சொல்லியிருக்கிறார்.

உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. ஆஸ்பத்திரிச் சீட்டு எல்லாவற்றையும் ஒரு கவரில் போட்டுக் கொண்டுவந்திருந்தாள்.

"எலைன் பேர சொல்லியே பேசு. யாரோ ஒரு குழந்தைன்னு சொன்னா கேட்டுட்டுப் பூடுவாங்க."

"உனக்கு என் மேல கோவம்..."

"கோவம் இருக்குது. அது இருக்கட்டும். நீ நல்லா பேசிட்டு வா."

ஜூலை 8, செவ்வாய்

பேசிவிட்டேன்.

ஷைலா மேடம், மனோகர் சார், எங்கள் குழுவில் பதினோரு பேர். புள்ளிவிவரத்தில்தான் ஆரம்பிக்க நினைத்திருந்தேன். அறைக்குள் போனதும் மாற்றிக்கொண்டேன். சத்தத்தை அணைத்துவிட்டு மஞ்சள் சுவரைப் போட்டேன். நாற்பத்திரண்டு வினாடி.

"இதுக்குப் பச்சை போட்டது நான்" என்றேன். "இதைப் பாத்து எங்க எதிர்வீட்டு எலைன் செஞ்சு பாத்தா. எட்டு வயசு. மூச்சு நின்னுபோக இருந்துச்சு."

அப்புறம் எழுபத்து நான்கையும் வரிசையாக ஓட்டினேன், வெட்டுக்கு முன் இரண்டு வினாடி, பின் இரண்டு வினாடி. நனைந்த சட்டை. நனைந்த சட்டை. நனைந்த சட்டை. இருபதாவதில் ஷைலா மேடம் கையை உயர்த்தி, "போதும்" என்றார். நான் நிறுத்தவில்லை. எனக்கு எங்கிருந்து வந்தது அந்தத் தைரியம்? எழுபத்து நான்கும் ஓடி முடியட்டும் என்று நின்றேன்.

அவர் கேட்டது ஒன்றுதான். "ஆனா எல்லா வீடியோவுலயும் பெரியவங்க பக்கத்துல இருக்காங்களே. அதனாலதானே பாதுகாப்புன்னு எழுதினோம்?"

"வீடியோவுல இருக்குற குழந்தைக்குப் பக்கத்துல அம்மா இருக்காங்க மேடம். அதைப் பாக்குற குழந்தைக்குப் பக்கத்துல யாரு இருக்காங்க?"

எழுதிவைத்த வரி இல்லை. வாயில் வந்தது. அவர் அதைத் தன் நோட்டில் எழுதிக்கொண்டார்.

பரத் எழுந்து, "இதுல ஒன்பது நான் பாஸ் பண்ணது" என்றான். இன்னொரு பெண், "எனக்கு ஆறு" என்றாள். ஒவ்வொருவராகச் சொல்ல ஆரம்பித்துவிட்டார்கள். யாரையும் யாரும் கேட்கவில்லை.

ஜூலை 11, வெள்ளி

ஜெயித்துவிட்டோம்! ஜெயிச்சிட்டோம்!

இருநூற்றுப் பன்னிரண்டும் குழந்தைகள் பகுதியிலிருந்து போய்விட்டன. பக்கத்தில் பெரியவர் இருக்கிறாரா என்ற நான்காவது கேள்வியை எடுத்துவிட்டார்கள். அதற்குப் பதில் புதிய கேள்வி: இதைப் பார்க்கும் குழந்தை தனியாகச் செய்து பார்த்தால் என்ன ஆகும்? சவால் வீடியோ எல்லாவற்றையும் ஒரு முறை சத்தமில்லாமல் பார்த்தாக வேண்டும். ஐம்பது வினாடிக் கெடு சவால் வீடியோக்களுக்குக் கிடையாது. எல்லா மொழிக்கும் பொருந்தும்.

மனோகர் சார் அறிவிப்பை வாசித்துவிட்டு, "இதுக்குப் பேரே இனிமே லவினா பார்வைதான்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன்.

வீடு திரும்பும் ரயிலில் பங்காருப்பேட்டை தாண்டியதும் வாசலோரம் நின்று காற்று வாங்கினேன். தூரத்தில் பழைய தங்கச் சுரங்கத்தின் கழிவு மண், சயனைடு மேடுகள், வெளுத்துத் தெரிந்தன. சத்தம் போட்டுப் பாட வேண்டும்போல இருந்தது. பாடவும் பாடினேன், மெதுவாக.

எதிர்வீட்டுக் கதவைத் தட்டிச் சொன்னேன். லூயிசா கேட்டுவிட்டு முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "காபி போடட்டா?" என்றாள்.

ஜூலை 24, வியாழன்

ரயிலில் எதிர் சீட்டில் ஒரு அம்மாவும் பையனும். பையன் போனைத் தட்டித் தட்டிப் பார்த்தான். "அம்மா, அந்த மாவு தின்ற வீடியோ வரவே மாட்டேங்குது."

"வரலன்னா வுடு. வேற எதாச்சும் பாரு."

வேறு எதையோ பார்க்க ஆரம்பித்துவிட்டான். நான் சிரிப்பை அடக்கமுடியாமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

ஆகஸ்ட் 2, சனி

காலையில் லூயிசா எலைனைக் கையைப் பிடித்து அழைத்துவந்தாள். "மைசூர் மைன்ஸ்ல எங்க சித்தி வூட்டுக்குப் போய் வரேன். சாயந்தரம் ஆவும். இவள பாத்துக்கோ." அவ்வளவுதான் சொன்னாள். வாசலைத் தாண்டிப் போனவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அப்படிப் போனது எனக்கு எவ்வளவு பெரிசு என்று அவளுக்குத் தெரிந்திருக்கும்.

எலைன் இரண்டு தோசை தின்றாள். இருமல் சுத்தமாக இல்லை. பிறகு என் பக்கத்தில் ஒட்டி உட்கார்ந்து போனைக் கேட்டாள். கயிறு தாண்டும் சவால், ஏதோ ஊரில் ஒரு குட்டிப் பெண், கன்னடத்தில் எண்ணிக்கொண்டே தாண்டுகிறாள்.

"ஆன்ட்டி, இது பச்சையா, சிவப்பா?"

"நீயே பாத்துச் சொல்லு."

எலைன் சத்தத்தை அணைத்தாள். யாரும் அவளுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை, அம்மாவிடம் நான் சொல்வதைக் கேட்டிருப்பாள். கன்னத்தில் கை வைத்துக் கடைசி வரைக்கும் பார்த்தாள்.

"இந்தப் பாப்பா நிஜமாவே சிரிக்குது ஆன்ட்டி. பச்சை."