மழைமானிக்கு மேல் ஒரு குடை

கொண்டாப்பூர்,
ஹைதராபாத்.

அன்பு மகள் கரோலினுக்கு அம்மா எழுதிக்கொள்வது. ஆண்டவர் கிருபையால் நானும் உன் தம்பி ஆலனும் சுகம், சுகம் என்று எழுதும்போதே கை நின்றுபோகிறது, ஆனாலும் வேளாவேளைக்குச் சாப்பிடுகிறோம். நெதர்லாந்துக் குளிரில் உன் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்பதுதான் தினமும் என் ஜெபம். போனில் அப்பா பேச்சை எடுத்தாலே நீ வேறு பேச்சுக்குப் போய்விடுகிறாய், அதனால்தான் எழுதுகிறேன். ஆலனோடு வேலை பார்க்கும் ஸ்ரீலேகா ஆபீஸ் விஷயமாக உன் ஊருக்கு வருகிறாள், அவளிடம் இதையும் எலுமிச்சை ஊறுகாயும் இன்னொரு சாமானும் கொடுத்து அனுப்புகிறேன். இந்த வருஷம் வாசலில் கிறிஸ்துமஸ் ஸ்டார் கட்டவில்லை. கீழ் வீட்டு சாந்தா விஷயம் தெரியாமல் ஏன் என்று கேட்டுவிட்டு, பிறகு அவளே அழுதாள்.

நீ சொன்னபடி போன சனிக்கிழமை ஆலனும் நானும் விகாராபாத் போய் உன் கருவிகளைப் பார்த்தோம். காய்ந்த துணியில் தண்ணீர் ஊற்றினால் ஊறிக்கொள்ளும், ஈரத்துணியில் ஊற்றினால் வழிந்து ஓடும், மண்ணும் ஆறும் அப்படித்தான் என்று சமையலறையில் நின்று நீ காட்டினாயே, அந்த அளவுக்குத்தான் எனக்கு உன் ஆராய்ச்சி தெரியும். அப்பாவுக்கு அதற்கு மேலேயே தெரியும், மாதாமாதம் லிங்கம்பள்ளியில் ரயிலேறிப் போய்ப் பார்த்துவிட்டு வந்து முசி நதியே தன் பொறுப்பில் ஓடுகிற மாதிரி பேசுவார். அக்டோபர் கடைசியில் அவர் அங்கே போய்வந்த அன்று மண்ணில் ஈரம் ஏறியிருக்கிறது, ஓடையிலும் தண்ணீர் ஏறியிருக்கிறது, மழைமானி மட்டும் மழையே இல்லை என்கிறது, ஓடைத் தண்ணீர் வேறெங்கோ பெய்து வந்தது, அதனால் மண்ணில் புதைத்த கருவிதான் கெட்டுவிட்டது, அதைப் பிடுங்கி அனுப்பு என்று ஆலனிடம் சொல்லியிருந்தாய். அடக்கத்துக்கு வந்தபோது என்னைக் கட்டிக்கொண்டு, அன்றைக்கு அங்கே மழை பெய்யவில்லை அம்மா, அப்பா நனையவில்லை, அவரைக் கொண்டுபோன காய்ச்சல் என் வேலையால் வந்ததில்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாய். இங்கே அன்று நல்ல வெயில், நானும் நம்பினேன்.

கரோலின், அங்கே போய்ப் பார்த்தால் உன் கருவிகள் மாட்டிய கம்பத்தில் அப்பாவின் குடை விரித்தபடி இருக்கிறது. மூடி விரிசல் விட்ட பேட்டரிப் பெட்டிக்கு மேலே, தன் தோள்பையின் கயிற்றால் இறுக்கிக் கட்டியிருக்கிறார். அவர் வேலை பார்த்த ரயில்வே பார்சல் ஆபீஸ் முடிச்சு, வேறு யாருக்கும் வராது. பெட்டி நனையக் கூடாது என்று கட்டியவர், பக்கத்திலேயே இருக்கும் மழைமானியின் வாயையும் அது மூடும் என்று யோசிக்கவில்லை. அதற்குப் பிறகு மழையே இல்லாததால் ஒருவருக்கும் சந்தேகம் வரவில்லை. குடையை ரயிலில் விட்டுவிட்டேன் என்றுதான் என்னிடம் சொன்னார், சட்டை ரயிலிலேயே காய்ந்திருக்கும். கல்லறையில் மண் போடும்போது எனக்குக் கண்ணீர் வரவில்லை, அந்த முடிச்சைப் பார்த்ததும் அங்கேயே உட்கார்ந்து அழுதேன். கோபமும் வந்தது, ஒரு டப்பாவுக்குக் குடை பிடித்துவிட்டு எழுபது வயதில் இவர் நனைந்திருக்கிறாரே என்று.

திரும்பி வரும்போது ஆலன், "நக்கோம்மா, வேணாம், அக்காகிட்ட சொல்லாதீங்க, மழையே இல்லேன்னு நெனச்சுத்தான் அவ மனச தேத்திக்கிட்டு இருக்கா" என்றான். இரண்டு நாள் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். ஆனால் நீ மண்ணைப் பொய் என்று எழுதிவிடுவாய், அப்பா அவ்வளவு ஆசையாகப் பார்த்த வேலையில் அவர் பெயரால் ஒரு தப்பு நிற்கும். அதை நான் விடக் கூடாது. ஆலன் கருவியைப் பிடுங்கவில்லை, அது அங்கேயே இருக்கிறது. இன்னொன்றும் கேட்டுக்கொள். பெட்டி மூடி விரிசல் விட்டிருக்கிறது என்று அப்பாவிடம் நீதான் சொன்னாய், நிஜம்தான். ஆனால் "திங்கக்கிழமை எங்க டீம் பையன் ராகேஷ் போவான்பா, நீங்க அலையாதீங்க" என்று நீ சொன்னதையும் பக்கத்தில் இருந்து கேட்டவள் நான். அவருக்குப் பொறுக்கவில்லை, கிளம்பிவிட்டார். நெஞ்சுச் சளி அவருக்கு ரொம்ப நாளாகவே இருந்தது என்று டாக்டரும் சொன்னார். உன்மேல் எனக்கு ஒரு துளி வருத்தம் இல்லை, அவருக்கும் இருந்ததில்லை. அழ வேண்டும் என்றால் நன்றாக அழு, பிறகு எனக்குப் போன் செய், எந்த நேரமானாலும் எடுப்பேன்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காப்பாராக. வேளைக்குச் சாப்பிடு, ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போ. அந்த நாளுக்கு நேரே மழை இல்லை என்று மட்டும் எழுதாதே, மகளே, அன்று நல்ல மழை. ஸ்ரீலேகா தரும் நீளப் பார்சலில் அந்தக் குடைதான் இருக்கிறது. துணி வெளுத்துவிட்டது, ஒரு கம்பி வளைந்திருக்கிறது, விரிக்கும்போது விரலைப் பார்த்துக்கொள். அங்கே தினமும் மழை என்கிறாய், நனைந்துகொண்டே ஆபீசுக்கு நடக்கிறாய். இனிமேல் இதைப் பிடித்துக்கொண்டு போ.

இப்படிக்கு,
உன் அம்மா
மரியபுஷ்பம் தனசிங்