கண்ணாடி போட்ட ஓட்டை

ஜூன் 4, செவ்வாய்
எங்கள் வீட்டில் தங்கிப் படிக்கும் நாத்தனாரும் நானும் ஒரே வண்டியில் ஆய்வகம் போனோம். வழியெல்லாம் அவளுடைய கட்டுரைப் பேச்சுதான். கிருமியின் சவ்வைத் துளைக்கும் மருந்து; நுண்ணோக்கிப் படங்களில் கறுப்புக் கறுப்பாக ஓட்டைகள். இந்த மாதமே ஆய்விதழுக்கு அனுப்பிவிடலாம் என்கிறார் பேராசிரியர். அதற்கு முன் என்னை ஒருமுறை சரிபார்க்கச் சொல்லியிருக்கிறார். “உங்க கை பட்டா சரியாத்தான் வரும் அண்ணி” என்றாள்.

ஜூன் 6, வியாழன்
சவ்வு நன்றாகப் படிந்தது. சுத்தமாகக் கழுவிய கண்ணாடியில் கொழுப்புக் குமிழிகளை விட்டால் அவை வெடித்து, விரிந்து, ஒன்றோடொன்று சேர்ந்து இரண்டடுக்குத் தோலாகிவிடும். எத்தனையோ வருடமாகப் பார்க்கிறேன், அலுக்கவில்லை. ஒளிரும் சாயத்தை ஓரிடத்தில் லேசரால் அணைத்தால், சுற்றிலுமிருந்து ஒளி நகர்ந்து வந்து அந்த இடம் நிரம்புகிறது. கொழுப்பு ஓடுகிறது என்று அர்த்தம், உயிரணுவின் சவ்வில் ஓடுவதுபோலவே. பிறகு மருந்து விட்டேன். ஓட்டைகள் விழுந்தன. அவள் சொன்னது சரி.

ஜூன் 7, வெள்ளி
ஒரு சந்தேகம். உயிரணுவுக்கு அடியில் கண்ணாடி ஏது? சவ்வுக்கும் கண்ணாடிக்கும் நடுவே மெத்தைபோல மெல்லிய ஜெல் பூசிப் பார்த்தேன்.
ஓட்டை இல்லை.
மருந்தை இரட்டிப்பாக்கினேன். அப்போதும் இல்லை.

ஜூன் 10, திங்கள்
ஜெல்லில் கோளாறோ? கண்ணாடியே வேண்டாமென்று, சாயம் அடைத்த குமிழிகளைத் தண்ணீரில் மிதக்கவிட்டு மருந்தைச் சேர்த்தேன். துளைத்தால் சாயம் கசிய வேண்டும். கசியவில்லை. வெறும் கண்ணாடியில்தான் மருந்து போய் ஒட்டிக்கொண்டு சவ்வைக் கிழிக்கிறது.
எப்படிச் சொல்வது?

ஜூன் 11, செவ்வாய்
பாத்திரம் கழுவும்போது கணவரிடம் சொன்னேன்.
“நீ சொல்லலேன்னா யாருக்குத் தெரியும்?”
“நாளைக்கு வேற யாராவது செஞ்சு பாப்பாங்க. அப்ப அவ பேருதான் கெடும்.”
“அவ என் தங்கச்சி.”
“அதனாலதான் முதல்ல அவகிட்ட சொல்லப்போறேன்.”
துடைத்த தட்டையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 13, வியாழன்
சொல்லிவிட்டேன். படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள்.
“மருந்து ஜெல்லுல சிக்கியிருக்கும்.”
“ஜெல் இல்லாமலும் பாத்தேன்மா.”
“மூணு வருஷம். உங்களுக்கு ஒரு மத்தியானம் போதுமா இருக்கு.”
நான் வேறென்ன செய்திருக்க வேண்டும்? பார்க்காததுபோல் இருந்திருக்கலாமா — எனக்கென்ன, அவள் படம் பொய்யாகணும்னு வேண்டுதலா? நானும்தானே அந்தக் கட்டுரையை நம்பிக்கிட்டு இருந்தேன்.

ஜூன் 14, வெள்ளி
என் வண்டிக்குக் காத்திராமல் ஆய்வகத்துக்குப் பேருந்தில் போய்விட்டாள்.

ஜூன் 24, திங்கள்
பேராசிரியர் இருவரையும் அழைத்தார். நான் வாய் திறக்குமுன் அவளே சொன்னாள்: “கட்டுரையை நிறுத்திடுங்க சார். ஓட்டை போடுறது கண்ணாடி.” எங்களிடம் சொல்லாமல், விடுமுறை நாளில் வந்து எல்லாச் சோதனைகளையும் தானே செய்து பார்த்திருக்கிறாள்.
அவர் மேசையிலிருந்த கட்டுரைத் தாள்களை ஓரமாக நகர்த்தினார். “சரி. இப்ப உன் கையில என்ன இருக்கு?”
“ஒண்ணுமில்ல சார்.”
வெளியே வந்ததும் என் பக்கம் திரும்பாமல் படியிறங்கினாள்.

ஜூலை 19, வெள்ளி
விடுதிக்கு மாறிவிட்டாள். கணவர் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய் விட்டுவிட்டு வந்தார். “ரூம் காத்தோட்டமாத்தான் இருக்கு” என்றார்.

ஆகஸ்ட் 8, வியாழன்
ஜெல் டப்பா காலியாகிக்கொண்டே வருகிறது. எடுப்பது நானில்லை.

ஆகஸ்ட் 30, வெள்ளி
நுண்ணோக்கி அறை வாசலில் நின்று, “கொஞ்சம் வந்து பாக்கறீங்களா?” என்றாள்.
ஜெல்மேல் படிந்த சவ்வு. மருந்து விட்டிருந்தாள். லேசர் அணைத்த இடம் நிரம்பவே மாட்டேன் என்று முரண்டு பிடித்தது.
“ஓட்டை போடல. கொழுப்பை ஓடவிடாம இறுக்குது.”
“மிதக்கிற குமிழியில?”
“அதுலயும் இப்படித்தான்.”
நன்றாக இருந்தது. இன்னும் கொஞ்சம் பார்த்துக்கொண்டே இருந்தேன்.
“நாளைக்கு நீங்க தனியா ஒரு தடவை செஞ்சு பாருங்க. நான் பக்கத்துல இருக்கமாட்டேன். தப்பா இருந்தா முதல்ல என்கிட்ட சொல்லுங்க.”
சரி என்றேன். நாளைக்கான கண்ணாடிகளைக் கழுவப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தேன்.