முன்னாடியே குடுத்த முடி

ஆடி மாசம், வெள்ளிக்கிழமை ராத்திரி

வூட்டுக்காரரு கழுத்துல இருக்கிற கட்டி கேன்சர் இல்லன்னு ரிசல்ட் வந்தா மொட்டை போட்டுக்கறேன்னு மாரியாத்தாகிட்ட வேண்டிக்கினு இருந்தேன். ரிசல்ட்டு நாளைக்குத்தான் கள்ளக்குறிச்சியில குடுப்பாங்க. ஆனா இன்னிக்குக் கோயில்ல நிக்கும்போது எனக்கு என்மேலயே கோவம் வந்துச்சு. நீ குடு, அப்புறம் நான் குடுக்கறேன்னு ஆத்தாகிட்ட இன்னா பேரம்? அங்கியே உக்காந்து முடியக் குடுத்துட்டேன்.

மரவள்ளிக் கொல்லையிலேர்ந்து வந்தவரு என்னைப் பாத்ததும் வாசல்லியே நின்னுட்டாரு. "ரிசல்ட்டே வரல, அதுக்குள்ள இன்னாத்துக்குடி?"

"இன்னி வரிக்கும் என்கூட இருந்தீங்களே, அதுக்கு."

"நாளைக்கு வேற மாதிரி வந்தா?"

"வந்தா, இவ்ளோ நாள் வாழ்ந்தது இல்லன்னு ஆயிடுமா?"

அவரு கை கால் கழுவிக்கினு உள்ள வந்தாரு. சோத்துல கை வெச்சவரு, திடீர்னு என் தலையப் பாத்து சிரிச்சுட்டாரு. நானும் சிரிச்சேன். ரெண்டு பேரும் சிரிச்சு எத்தினி நாளாச்சு.

பெருசா பேசிட்டேன். இப்ப தூக்கம் வரல. இனிமே ஆத்தாகிட்ட தரேன்னு சொல்ல முடிகூட இல்ல. அவரும் தூங்கல. கை கழுத்துக்கே போய்க்கினு இருக்குது. பேனாவ வெச்சுட்டு, அந்தக் கைய எடுத்து என் மொட்டைத் தலைமேல வெச்சுக்கணும்.