நெட்டையாய் வளர்ந்த நாற்று

நவம்பர் 12, திங்கள்
விடிய மழை. பள்ளிமுனையிலயிருந்து பஸ் பிந்தி, முதல் பாடம் போச்சு. சோதனைத் தாள் திருத்த வேணும். மண்ணெண்ணெயும் வாங்க வேணும்.

உயிலங்குளம் பள்ளிக்கூடத்துக்குப் பின்வீட்டு ராசம்மா தங்கட நாற்றுமேடைக்குக் கூட்டிக்கொண்டு போனா. மலையகத்திலயிருந்து வந்து குடியேறினவை. இவ்வளவு காலமும் கூலிக்குப் போய், இப்பதான் முதன்முதலா சொந்த விதைப்பு.

"எல்லாரு நாத்தையும் விட எங்க நாத்துதான் ஒசரம், பாருங்க டீச்சர்."

உண்மைதான். ஆனா வெளிறி, நூல் மாதிரி. ஏதோ நோய் போலக் கிடந்தது.

13, செவ்வாய்
புத்தகம் பார்த்தனான். அதேதான். விதையோட வந்த பூஞ்சணம். அது ஜிபரலின் எண்ட வளர்ச்சி ஓமோனைக் கணக்கில்லாமச் சுரக்கும். நாற்றுக்குள்ள வளர்ச்சிக்குப் பிரேக் மாதிரி ஒரு புரதம். ஓமோன் கூடினா அதில சின்னப் புரதங்கள் அடையாளமா ஒட்டும். ஒட்டினதை உயிர்க்கலமே வெட்டி அழிச்சிடும். பிறகு பிரேக் இல்லை, நெடுக வளர்ந்து சாகும். வருசாவருசம் படிப்பிக்கிறன். கண்ணால கண்டது இப்பதான்.

ராசம்மாவுக்குச் சொன்னன். குனிஞ்சு நாற்றைத் தடவினா.

"எங்க வீட்டுக்காரரு தெனமும் வந்து பாத்துச் சந்தோசப்படுவாரு டீச்சர்."

நெட்டையளைப் பிடுங்கி எரிக்கச் சொன்னன்.

"பொகை வந்தா ஆமி காம்புலருந்து சுடுவாங்க."

அப்ப புதையுங்கோ எண்டன்.

15, வியாழன்
அவவின்ர புருசன் பெருமாளை ஆமி பிடிச்சுக்கொண்டு போட்டுது. வயல் கரையில நாற்றுப் புதைக்கக் கிடங்கு வெட்டினதைக் கண்டு, ஆயுதம் புதைக்கிறார் எண்டு. நான் சொன்ன கிடங்கு.

பின்னேரம் ராசம்மாவோட காம்புக்கு. கையில நெட்டை நாற்று ஒரு பிடி, நல்ல நாற்று ஒரு பிடி. அதிகாரிக்குக் கொஞ்சம் தமிழ்.

"நல்லா வளந்தது ஏன் புதைக்கிறது?"

என்ர அரைகுறைச் சிங்களத்தில ஓமோன், புரதம், அடையாளம், எல்லாம் சொன்னன். ராசம்மா என்ர சீலைத் தலைப்பைப் பிடிச்சபடி. அவன் ரெண்டு பிடியையும் மேசையில பக்கத்தில பக்கத்தில வைச்சுப் பார்த்தான்.

"நாளைக்குத் தோண்டிப் பாக்கிறது."

16, வெள்ளி
மழை இல்லை. பெருமாளைக் கொண்டே தோண்டுவிச்சிருக்கிறாங்கள். அழுகின நாற்று மட்டும்தான். விட்டிட்டாங்கள்.

பள்ளிக்கூடம் விட்டுப் போய்ப் பார்த்தன். முகம் வீங்கி ஒரு பக்கம். என்னைக் கண்டதும் கதிரையால எழும்பினார்.

"இருங்கோ அண்ணை" எண்டன்.

நிண்டார்.

"இருங்கோ."

நிண்டபடியே என்ர வாயைப் பார்த்துக்கொண்டு நிண்டார்.

"ரெண்டு காதும் கேக்கல டீச்சர்" எண்டு சொல்லி, ராசம்மா அவற்ற தோளில கையை வைச்சு மெல்ல இருத்தினா.